பெரிய டயர் மாட்டலாமா? மலையும் ஏறணும், மழையிலும் நிக்கணும், சட்டத்திலும் சிக்கக் கூடாது!

"அக்கா, 33 இன்ச் சொல்லி வெச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மாட்டிடுவாங்க!"

தர்மபுரியிலிருந்து சித்தி பையன் போன். செகண்ட் ஹேண்டில் ஒரு மூன்று கதவு தார் வாங்கி நாற்பது நாள்தான் ஆகிறது. வண்டி வாங்கியதிலிருந்து அவன் மொபைலில் ஓடுவதெல்லாம் டயர் ரீல்ஸ்தான். சேற்றை வாரி அடித்துக்கொண்டு ஏறும் வண்டி, பின்னணியில் ஒரு மாஸ் பிஜிஎம். பார்த்தால் எனக்கே ஆசை வரும்.

ஆனால் எனக்கு உடனே ஞாபகம் வந்தது வேறு ஒரு வண்டி. போன வருஷம் அவனுடைய ஃப்ரெண்டின் ஜீப்பில் தர்மபுரியிலிருந்து சேலம் போனோம். நாலு பக்கமும் முரட்டுப் பட்டன் வைத்த 33 இன்ச் டயர். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மழை பிடித்தது. முன்னால் போன லாரி ஸ்லோ ஆக, நம்ம ஆள் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. நிற்கிற மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டு வழுக்கிக்கொண்டே போனது. லாரியின் பின் கட்டைக்கும் எங்கள் பானெட்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளியில் நின்றது. அடுத்த பத்து நிமிஷம் வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

அதனால் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா பக்கத்து பில்லர்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல என்ன போட்டிருக்கு?"

"தெரியாதே. பார்க்கணும்."

நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். தார், ஜிம்னி, கூர்க்கா, வி-கிராஸ், ஹைலக்ஸ் என்று எதை வைத்திருந்தாலும், டயர் ஷாப்பிங் அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல அந்த நம்பரைப் படிப்போம்

255/65 ஆர்18. டயர் பக்கவாட்டில் இருக்கும் இந்த எழுத்துகள் ஜாதகம் மாதிரி. படிக்கத் தெரிந்தால் எல்லாம் சொல்லும்.

255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அதாவது அகலத்தில் 65 சதவீதம். 255-ல் 65 சதவீதம் சுமார் 166 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

மொத்த உயரம் வேண்டுமா? மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். 166 + 166 + 457 = 789 மி.மீ. சுமார் 31 இன்ச். அவ்வளவுதான், மொபைல் கால்குலேட்டரில் முப்பது செகண்டு வேலை.

இப்போது ஒரு சுவாரஸ்யம். 2020-ல் வந்த மூன்று கதவு தாரில் இரண்டு அளவு டயர்கள் வந்தன. 18 இன்ச் ரிம்மில் 255/65; 16 இன்ச் ரிம்மில் 245/75. இரண்டாவதைக் கணக்குப் போட்டால் மொத்த உயரம் 774 மி.மீ. வெறும் 15 மி.மீ தான் குறைவு. ஆனால் அதன் பக்கச் சுவர் 184 மி.மீ. 18 இன்ச் டயரைவிட 18 மி.மீ அதிகம். கல்லில் மோதும்போது அடியைத் தாங்கிக்கொள்வது இந்த ரப்பர் சுவர்தான். பெரிய ரிம்மில் ஷோரூம் லுக் கிடைக்கும். காட்டுப் பாதைக்குக் கெட்டி சின்ன ரிம்தான். அனுபவமுள்ள ஆஃப்-ரோடு ஆட்கள் சின்ன ரிம்மைத் தேடுவது இதனால்தான்.

தார் ராக்ஸில் இதற்கு நேர்மாறான பாடம். அதில் 255/65 ஆர்18-ம் உண்டு, 255/60 ஆர்19-ம் உண்டு. ரிம் ஒரு இன்ச் பெரிது. ஆனால் இரண்டுக்கும் மொத்த உயரம் ஒன்றேதான். பெரிய ரிம் போட்டதால் வண்டி ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. குறைவது பக்கச் சுவர்.

33 இன்ச் போட்டா என்ன ஆகும்?

தம்பி சொல்லி வைத்திருந்தது 275/70 ஆர்18. கணக்குப் போட்டால் 842 மி.மீ, 33 இன்ச். பழைய டயரைவிட 53 மி.மீ அதிகம். "அஞ்சு சென்டிமீட்டர் கிளியரன்ஸ் ஏறும்ல அக்கா!" என்றான்.

ஏறாது. டயர் அச்சுக்கு மேலேயும் வளர்கிறது, கீழேயும் வளர்கிறது. தரைக்கும் அச்சுக்கும் நடுவில் கூடுவது பாதிதான், சுமார் 26 மி.மீ. ஒரு இன்ச். அந்த ஒரு இன்ச்சுக்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர்: டயர் 6.8 சதவீதம் பெரிதாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போகும். ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் கணக்கில் 80 என்றால் உண்மையில் 85-ஐத் தாண்டியிருப்பீர்கள். கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் முழு வித்தியாசமும் தெரியாமல் போகலாம். ஆனால் ஸ்பீடு கேமரா முன்னால் அந்த நம்பிக்கையில் போகாதீர்கள்.

இழுவை: எல்லா கியரும் 6-7 சதவீதம் 'நீளமாகி'விடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரில் ஏறிய வண்டி, இப்போது ஃபர்ஸ்ட் கேட்கும். மைலேஜும் இறங்கும்.

பிரேக்: இதுதான் முக்கியம். பிரேக் டிஸ்க் அதே சைஸ். பிடிக்க வேண்டிய சக்கரம் பெரிசு, கனமும் அதிகம். அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் பிடி குறைகிறது. ஏ.பி.எஸ், ஈ.எஸ்.பி போன்ற பாதுகாப்பு சமாச்சாரங்களும் கம்பெனி கொடுத்த டயர் அளவை மனதில் வைத்துச் செட் செய்யப்பட்டவை.

உரசல்: நேராகப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஒரு பள்ளத்தில் இறக்கினால் மட்கார்டு லைனரில் 'கர்ர்ர்' என்று கேட்கும். உடனே கடையில் "லிஃப்ட் கிட் போட்டுடலாம் சார்" என்பார்கள். லிஃப்ட் போட்டால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயரும், வளைவில் சாய்வு கூடும். ஒரு டயருக்காக ஆரம்பித்தது, சஸ்பென்ஷன் வரை போகும்.

ஸ்டெப்னி: தார், ஜிம்னி மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி பின் கதவில் தொங்குகிறது. கனமான டயரை மாட்டினால் அந்தக் கீல்கள்தான் தினமும் சுமக்க வேண்டும். "நாலு மட்டும் மாத்திக்கிறேன், ஸ்டெப்னி பழசே இருக்கட்டும்" என்றால் அது அதைவிட மோசம். ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருக்கும் வண்டியில் ஃபோர் வீல் போட்டால் கியர் பாகங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அளவு மாற்றினால் அஞ்சும் வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

"ஆர்.சி கார்டுல டயர் சைஸே இல்லையே, யார் கண்டுபிடிப்பா?" என்பது அடிக்கடி கேட்கும் வசனம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்குத்தான் இருக்கிறது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. கம்பெனி எந்த வடிவத்துக்கு அங்கீகாரம் வாங்கியதோ, அதுதான் அளவுகோல்.

அதே 2019-ல் சட்டத்தில் திருத்தம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிரிவு 182ஏ-ன்படி, அனுமதியில்லாத பாகங்களை மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். டயர் ஒன்று, லைட் பார் ஒன்று, ஹாரன் ஒன்று என்று தனித்தனியாக எண்ணலாம்.

ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஸ்ரீநகரில் பெரிய டயர், ஹார்டு டாப், எல்.ஈ.டி லைட் என்று மாற்றிய ஒரு தார் உரிமையாளருக்குப் போக்குவரத்து நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்தது. முதல் குற்றம் என்பதால் நன்னடத்தைப் பிணையில் வெளியே விட்டார்கள். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உத்தரவு.

கடையில் இன்னொரு மந்திரமும் சொல்வார்கள். "மூணு பர்சென்ட் வரைக்கும் ஓகே சார்." மொத்த உயரம் மூன்று சதவீதத்துக்குள் மாறினால் வண்டிக்குப் பெரிய பிரச்னை வராது என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. இன்ஜினீயரிங்படி அது ஓரளவு நியாயமானதும்கூட. உதாரணமாக, ஜிம்னியில் வரும் 195/80 ஆர்15 டயருக்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் உயரம் 693-லிருந்து 703 மி.மீ ஆகும். ஒன்றரை சதவீதம்தான். வண்டிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால், அது கைக்கணக்கு, சட்டம் இல்லை. கம்பெனி பட்டியலில் அந்த அளவு இல்லையென்றால் 'சின்ன மாற்றம்' என்பது உங்களுக்குப் பாதுகாப்பு தராது.

அப்போ சட்டப்படி வழியே இல்லையா? இருக்கிறது. உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு இருந்தால், அதுதான் முதல் சாய்ஸ். அந்த ரிம் உங்கள் பிரேக்கின் மேல் சரியாக உட்காருமா, உங்கள் வேரியன்ட்டுக்கு அது செல்லுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வாய் வார்த்தை போதாது, ஒரு இமெயில் வாங்கி வையுங்கள். அதைத் தாண்டிப் போவதென்றால், மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்பதுதான் முறை.

இன்ஷூரன்ஸ்தான் அடுத்த ஆபத்து. போலீஸ் ஒருவேளை பார்க்காமல் விடலாம். ஆக்சிடென்ட் ஆனால் வரும் சர்வேயர் பார்க்காமல் விட மாட்டார். சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் உங்கள் க்ளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அன்றைக்குப் போகப்போவது 5,000 ரூபாய் அல்ல.

எல்லா முரட்டு டயரும் ரோட்டு டயர் இல்லை

திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு பெரிய டயர் தொழிற்சாலை இருக்கிறது. யோகோஹாமா குழுமத்தின் ஏ.டி.ஜி நிறுவனத்துடையது. அங்கே தயாராவது டிராக்டர், கட்டுமான எந்திரம், காட்டு வேலை வண்டிகளுக்கான டயர்கள். 'ஆஃப்-ஹைவே' டயர் என்பார்கள். பார்க்க அசத்தலாக இருக்கும். ஆனால் ஹைவேயில் 100-ல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இதைச் சொல்லக் காரணம், 'ஆஃப்-ரோடு டயர்' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு சாதி உண்டு. ஒன்று, காட்டிலும் ஓடும், ரோட்டிலும் ஓடும். இன்னொன்று காட்டுக்கு மட்டும். இரண்டாவது வகையில் பல டயர்களின் பக்கவாட்டில் 'என்.ஹெச்.எஸ்' என்று இருக்கும். 'நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அர்த்தம். போட்டிகளுக்கான சில டயர்களிலும் இதே மாதிரி எச்சரிக்கை அச்சாகியிருக்கும். மலிவாக வருகிறது, யாரோ கழற்றிப் போட்டது என்று வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

ரோட்டில் ஓட்டும் கார் டயரில் நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ முத்திரை. வெளிநாட்டு பிராண்டாக இருந்தாலும் இந்தியாவில் விற்க அது வேண்டும். "இது அமெரிக்கன் டயர் சார், டி.ஓ.டி இருக்கு பாருங்க" என்று காட்டினால் தலையாட்டாதீர்கள். டி.ஓ.டி அமெரிக்க விதிகளுக்கான அடையாளம். நமக்கு அதில் பயன்படுவது கடைசி நான்கு இலக்கங்கள்தான். 2324 என்றிருந்தால் 2024-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. நம்ம வெயிலுக்கு ரப்பர் சீக்கிரம் இறுகும். மூன்று வருஷமாகக் குடோனில் தூங்கிய டயரைப் புதுசு விலைக்கு வாங்க வேண்டாம்.

அடுத்து, அளவுக்குப் பின்னால் வரும் ஒரு எண்ணும் எழுத்தும். உதாரணமாக 112 எஸ். 112 என்பது சுமைக் குறியீடு. அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. எழுத்து என்பது வேக வரம்பு. க்யூ என்றால் 160 கி.மீ, எஸ் 180, டி 190, ஹெச் 210. கதவு ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ கம்பெனி சொன்னதைவிட சுமைக் குறியீடு குறையவே கூடாது. வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பின்னால் லோடு ஏற்றும் பிக்-அப் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை பாருங்கள். அந்த வண்டியில் பின் டயர்கள்தான் முழுச் சுமையும் வாங்கும்.

சில டயர்களில் அளவுக்கு முன்னால் 'எல்.டி' என்று இருக்கும். லைட் டிரக் ரகம். உடம்பு கெட்டி, முள்ளுக்கும் கல்லுக்கும் அஞ்சாது. ஆனால் கனம் அதிகம், சவாரி விறைப்பு, அதே சுமையைத் தாங்கக் காற்றும் கூடுதலாகக் கேட்கும். பழைய டயருக்கு வைத்த அதே காற்றை இதற்கும் வைக்கக் கூடாது.

ஹெச்.டி, ஏ.டி, எம்.டி... நீங்க எந்தக் கட்சி?

ஹெச்.டி என்பது ஹைவே டயர். பட்டன்கள் நெருக்கமாக, சத்தமில்லாமல், மழையில் நன்றாகப் பிடிக்கும். சேற்றில் இறக்கினால் பட்டன் இடுக்கில் மண் அப்பிக்கொண்டு வழுவழு உருளையாகிவிடும்.

எம்.டி என்பது மட் டயர். பெரிய பெரிய பட்டன், நடுவில் அகலமான பள்ளம். சேற்றை வாரி வெளியே எறிந்துவிட்டு அடுத்த பிடியைப் பிடிக்கும். ரீல்ஸில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். பிரச்னை தார் ரோட்டில். பள்ளம் பெரிசு என்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் கம்மி. தண்ணீரை வெளியேற்றும் வேலையை அந்தப் பள்ளங்கள் நன்றாகவே செய்யும். ஆனால் ஈரமான வழவழப்புத் தாரைக் கவ்வுவது பட்டனில் இருக்கும் மெல்லிய கீறல்கள். எம்.டி-யில் அவை மிகக் குறைவு. தொப்பூர் இறக்கத்தில் எங்களுக்கு நடந்தது அதுதான். கூடவே 80-ஐத் தாண்டினால் ஹெலிகாப்டர் மாதிரி ஒரு சத்தம். சீக்கிரம் தேயவும் செய்யும்.

ஏ.டி என்பது ஆல் டெர்ரெய்ன். இரண்டுக்கும் நடுவில். கல், மண், செம்மண் பாதை, லேசான சேறு எல்லாம் பார்க்கும். ரோட்டிலும் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஏ.டி-யிலேயே மென்மையானதும் உண்டு, எம்.டி-க்கு நெருங்கியதும் உண்டு. பெயரைப் பார்க்காமல் பட்டனைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தால் மழைக்கு நல்லது. நடுப்பகுதியில் பட்டன் நெருக்கமாகவும் தோள்பட்டையில் இடைவெளியாகவும் இருந்தால் ரோடும் காடும் கலந்து ஓட்டுபவர்களுக்குப் பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கனவை ஓரமாக வைத்துவிட்டு, மொபைலில் கூகுள் மேப்ஸ் டைம்லைன் ஆன் செய்து வைத்திருந்தால் அதைத் திறங்கள். போன மூன்று மாதத்தில் தார் ரோட்டை விட்டு எத்தனை கிலோமீட்டர் இறங்கியிருக்கிறீர்கள்? தம்பி எண்ணிப் பார்த்தான். மூவாயிரம் கிலோமீட்டரில் முப்பது. அதிலும் பாதி, சித்தி வீட்டு மாந்தோப்புப் பாதை. நூற்றில் ஒரு கிலோமீட்டருக்காக மீதி 99 கிலோமீட்டரின் பிரேக்கை விட்டுக்கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

ஓசியில் கிடைக்கும் பெரிய டயர்

கொழுக்குமலை போயிருக்கிறீர்களா? தேனி மாவட்டத்து எஸ்டேட்தான், ஆனால் போவது கேரளாவின் சூரியநெல்லி வழியாக. பாதை என்று சொல்ல முடியாது, கல் குவியல். விடியற்காலை இருட்டில் உள்ளூர் ஓட்டுநர்கள் பழைய ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிறார்கள். அந்த ஜீப்புகளின் டயர்களைப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். பலதும் மெல்லிசான டயர்கள். 33 இன்ச் எல்லாம் கிடையாது. லோ கியர், பொறுமையான கால், எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் என்ற கணக்கு. அவ்வளவுதான் அவர்கள் ரகசியம்.

நமக்கு அந்த அனுபவம் இல்லை. ஆனால் அனுபவமில்லாத நாமும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: காற்றைக் குறைப்பது. ரோட்டில் 30 பி.எஸ்.ஐ-யை ஒட்டி வைத்திருக்கும் டயரை, கரடுமுரடான பாதையில் இறங்கும் முன் 20-22-க்குக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படியும். கல்லின் மேல் துள்ளாமல் அதைச் சுற்றி அணைத்துக்கொண்டு ஏறும். மணல் என்றால் 16-18 வரை இறக்குவார்கள். அளவு மாற்றாமலே பிடி கூடுகிறது. சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. செலவு, காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் ஒரு சின்ன கம்ப்ரஸரும் ஒரு ஏர் கேஜும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். காற்று குறைவாக இருக்கும்போது வேகம் கூடாது, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறியதும் முதல் வேலை காற்று நிரப்புவது. குறைந்த காற்றோடு ஹைவேயில் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பட்டன் டயர் போட்டாச்சு என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் இறக்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அங்கே வழக்கு போடுவது டிராஃபிக் போலீஸ் இல்லை, வனத்துறை.

கடைக்குப் போகும்போது இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க

1. கதவு ஸ்டிக்கரையும் மேனுவலில் டயர் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அனுமதித்த எல்லா அளவுகளும் மேனுவலில் இருக்கும்.

2. அளவை மாற்றாமல், அதே அளவில் ஏ.டி டயர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எம்.ஆர்.எஃப், அப்போலோ, சியட், ஜே.கே, யோகோஹாமா என்று பலரும் இந்த ரகத்தில் டயர் விற்கிறார்கள்.

3. ஐ.எஸ்.ஐ முத்திரை, சுமைக் குறியீடு, வேக எழுத்து, தயாரித்த வாரம். நான்கையும் உங்கள் கண்ணால் பாருங்கள். அஞ்சு டயரிலும்.

4. ஒரு டயரின் எடை எவ்வளவு என்று கேளுங்கள். பழையதைவிட நாலைந்து கிலோ கூடினால் பிரேக்கிலும் மைலேஜிலும் தெரியும்.

5. மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எங்கேயும் உரசவில்லை, டயர் மட்கார்டை விட்டு வெளியே துருத்தவில்லை என்று பாருங்கள்.

6. அலைன்மென்ட், பேலன்சிங் முடித்து, ஜி.எஸ்.டி பில்லில் அளவும் பிராண்டும் எழுதி வாங்குங்கள். நாளைக்கு வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ் எதற்கும் அதுதான் சாட்சி.

7. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானம். புது டயரின் மேல்தோல் தேயும் வரை முழுப் பிடி கிடைக்காது.

8. பட்டன் ஆழம் 1.6 மி.மீ-க்குக் கீழே போனால் கார் டயர் சட்டப்படியே முடிந்த கதை. பள்ளத்துக்குள் சின்னதாக மேடு மாதிரி தெரியும் தேய்மானக் குறியோடு பட்டன் சமமாகிவிட்டால் மாற்றும் நேரம். மழைக்காலம் வருகிறதென்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

தம்பி என்ன செஞ்சான்?

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "அக்கா, லுக்கே போச்சு" என்று புலம்பல். அட்வான்ஸ் கொடுத்த கடையில் முதலில் முறைத்தார்கள். அப்புறம் அதே பணத்தை வேறு டயருக்கு வைத்துக்கொண்டார்கள். 255/65 ஆர்18, அதே கம்பெனி அளவு, நல்ல கீறல் வைத்த ஏ.டி, அஞ்சு. மிச்சமான காசில் ஒரு கம்ப்ரஸர், ஒரு ஏர் கேஜ்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. மாந்தோப்புப் பாதையில் மழைச் சேறு. காற்றை 20-க்கு இறக்கிவிட்டு மெதுவாக ஏறி வருகிறது தார். பின் சீட்டில் சித்தி, கையில் மாங்காய்ப் பை. "மெதுவாப் போடா, மெதுவாப் போடா" என்று குரல் கேட்கிறது.

அதற்குக் கீழே இன்னொரு மெசேஜ். "தொப்பூர் வழியா சேலம் போயிட்டு வந்தேன். செம மழை. நின்னுச்சு அக்கா."

இப்போ நீங்க போய் அந்தக் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்க. பெரிய டயரா சின்ன டயரா என்ற பேச்சை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.